புலியேசேயின் இசையும் ஆடுகளத்தின் தீர்ப்பும்

டாங்கோ என்றதும் எம்மில் பெரும்பாலானோரின் மனக்கண்ணில் தோன்றுவது திரைப்படங்கள் பழக்கிவிட்ட ஒரு காட்சியே. கறுப்பு உடையில் ஒரு ஆடவன், சிவப்பு உடையில் ஒரு பெண், பல்லிடுக்கில் ஒரு ரோஜா, காற்றைக் கிழித்துக்கொண்டு உயரும் கால்கள். அது மேடைக்கென ஆக்கப்பட்ட டாங்கோ. அந்த நடனம் பிறந்து வளர்ந்த ஆர்ஜென்டீனத் தலைநகர் புவனஸ் அயர்ஸில் சாதாரண மக்கள் வார இறுதி நாட்களில் ஆடிவந்த டாங்கோ முற்றிலும் வேறானது. அதற்கு மேடை கிடையாது. ஒத்திகை கிடையாது. யார் யாருடன் ஆடப்போகின்றார் என்பது கூட இசை ஒலிக்கத் தொடங்கும் வரை எவருக்கும் தெரியாது.

நடனம் என்றால் ஆடுபவர் ஒருபுறமும் பார்ப்பவர் மறுபுறமும் இருப்பார்கள் என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். பரதமாயினும் கூத்தாயினும் சபையை நோக்கியே ஆடப்படுகின்றது. சமூக நடனம் என்று சொல்லப்படுவதில் இந்தப் பிரிவினை இல்லை. அங்கே ஆடுபவரே ரசிகர். இசைக்குழு நன்றாக வாசிக்கின்றதா இல்லையா என்ற விமர்சனத்தை அவர் பத்திரிகையில் எழுதுவதில்லை. பிடித்திருந்தால் எழுந்து ஆடுவார், பிடிக்காவிட்டால் நாற்காலியில் அமர்ந்துவிடுவார். நாற்பது, ஐம்பதுகளில் புவனஸ் அயர்ஸின் இசைக்குழுக்கள் யாவும் இந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தன. அந்தக் குழுக்களுள் ஒன்றைப் பற்றியும், அதன் இசைக்கு ஆடுவது என்றால் என்ன என்பது பற்றியும் எழுதவேண்டும் என்பது எனது நீண்டகால எண்ணம். ஒஸ்வால்டோ புலியேசேயின் இசைக்குழுதான் அது.

முதலில், டாங்கோ ஆடுபவர்கள் கூடுகின்ற இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த நடனக் கூடலை மிலோங்கா என்று அழைப்பார்கள். அங்கு இசை துண்டு துண்டாக ஒலிப்பதில்லை. ஒரே இசைக்குழுவின், ஏறத்தாழ ஒரே காலப்பகுதியைச் சேர்ந்த மூன்று அல்லது நான்கு பாடல்களை ஒன்றாகத் தொடுத்து ஒலிக்கச் செய்வார்கள். அந்தத் தொடுப்புக்குப் பெயர் தாண்டா. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கும் என்பதால் நான்கு பாடல்களுக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் என்று கணக்கு. தாண்டா முடிந்ததும் டாங்கோவுடன் தொடர்பில்லாத ஏதோ ஒரு இசை சில விநாடிகள் ஒலிக்கும். திரைச்சீலை என்று பொருள்படும் கோர்ட்டினா என்பது அதன் பெயர். அப்போது எல்லோரும் களத்தை விட்டு நீங்கித் தத்தமது ஆசனங்களுக்குத் திரும்பவேண்டும்.

சம்பிரதாயமான மிலோங்காக்களில் ஆண்கள் ஒரு பக்கத்திலும் பெண்கள் ஒரு பக்கத்திலும் அமர்ந்திருப்பார்கள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தலிலும் கண்ட அதே ஏற்பாடு! ஆனால் அங்கு அதற்கொரு காரணம் இருக்கின்றது. எதிரெதிரே அமர்ந்தால்தான் கண்கள் சந்திக்க முடியும். ஒருவர் பார்வையை நாடுவார். மற்றவர் விரும்பினால் பார்வையைக் கொடுப்பார். பிறகு ஒரு சிறு தலையசைப்பு. கபெஸேயோ எனப்படும் இந்த மௌன அழைப்பில் எவரும் எவரையும் வற்புறுத்துவதில்லை. மறுப்பதற்கு வாய் திறக்கவேண்டிய சங்கடமும் இல்லை. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாலே போதுமானது. களத்தில் இறங்கிய பின்னர் சோடிகள் எல்லாம் வெளிவட்டமாக, கோயில் வீதியில் நாம் வலம் வருவதற்கு நேர் எதிர்த்திசையில், ஒன்றன்பின் ஒன்றாக நகரவேண்டும். முந்திச் செல்வது மரியாதையன்று. கூட்டம் நெருக்கமாக இருந்தால் ஒரு தரையோட்டின் அளவுக்குள் ஆடத் தெரிந்திருக்கவேண்டும். காலை உயரத் தூக்குபவர் அடுத்தவரின் காலில் காயம் விளைவிப்பார்.

சம்பிரதாயமான டாங்கோ இசைக்குழுவில் பறையோ மத்தளமோ கிடையாது. பாண்டோனியோன், வயலின், பியானோ, டபிள் பாஸ் ஆகிய இவ்வளவுதான். பாண்டோனியோன் என்பது துருத்தியுடன் கூடிய ஜேர்மனிய வாத்தியம்; பார்வைக்கு எமது ஆர்மோனியத்தின் தூரத்து உறவு போல இருக்கும். தாளவாத்தியம் எதுவும் இல்லாமல் தாளத்தைக் கொடுக்கவேண்டிய பொறுப்பு எல்லா வாத்தியங்களின் மீதும் விழுகின்றது. ஒவ்வொரு குழுவும் அந்தப் பொறுப்பை எவ்வாறு பங்கிட்டுக்கொண்டது என்பதில்தான் அதனதன் தனித்துவம் அடங்கியிருந்தது.

1935 இலிருந்து 1955 வரையான இரண்டு தசாப்தங்களை டாங்கோவின் பொற்காலம் என்பார்கள். அந்தக் காலத்தைத் தொடக்கிவைத்தவர் என்று சொல்லப்படும் ஹுவான் தாரியென்சோ, துள்ளும் வேகமும் பிசகாத தாளமும் கொண்ட இசையால் மக்களை மீண்டும் ஆடுகளத்துக்கு இழுத்துவந்தவர். 'தாளத்தின் மன்னர்' என்பது அவருக்குக் கிடைத்த பட்டம். கார்லோஸ் தி சார்லியின் இசையோ அமைதியாக நடப்பதற்கு ஏற்றது. அனிபால் துரோய்லோ பாடகரையும் வாத்தியங்களையும் சம ஆசனத்தில் அமர்த்தியவர். இவர்களுக்கு மத்தியில் புலியேசே கொண்டுவந்தது முற்றிலும் வேறொரு சங்கதி.

1905 டிசம்பர் 2 ஆம் திகதி புவனஸ் அயர்ஸின் வில்லா கிரெஸ்போ பகுதியில் பிறந்தவர் ஒஸ்வால்டோ புலியேசே. தந்தையார் காலணித் தொழிலாளி, புல்லாங்குழலும் வாசிப்பவர். மௌனப்படக் கொட்டகைகளிலும் தேநீர்ச் சாலைகளிலும் பியானோ வாசித்து வளர்ந்த மகன், இருபது வயதை எட்டுவதற்கு முன்னரே 'ரெக்குவெர்டோ' என்ற டாங்கோவை இயற்றினார். அந்நாளில் முன்னணியில் இருந்த ஹூலியோ தெ காரோவின் குழு 1926 இல் அதனை இசைத்தட்டில் பதிவுசெய்தது. 1930 களின் நடுப்பகுதியில் இசைக் கலைஞர்களுக்கான தொழிற்சங்கத்தை அமைக்கும் முயற்சியில் புலியேசே பங்கெடுத்தார். 1936 இல் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். 1939 ஆகஸ்டில் தனது சொந்தக் குழுவுடன் எல் நசியோனால் என்ற தேநீர்ச் சாலையில் அரங்கேறினார். முதலாவது இசைத்தட்டு வெளிவர 1943 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

'சொந்தக் குழு' என்று எழுதினேன். ஆனால் அது அவருக்குச் சொந்தமானதன்று. அது ஒரு கூட்டுறவு அமைப்பாகவே இயங்கியது. ஒவ்வொரு கலைஞருக்கும் அவரது பங்களிப்பு, அனுபவம், இயற்றியளித்த இசை, ஏற்பாடு செய்த இசை என்பவற்றைக் கருத்திற்கொண்டு புள்ளிகள் வழங்கப்பட்டன. கிடைத்த வருமானம் அந்தப் புள்ளிகளின்படி பகிரப்பட்டது. தலைவரும் இந்தக் கணக்குக்குள் அடக்கம். சம்பளத்துக்கு வாசிப்பவர்களாக அன்றிப் பங்காளிகளாக இருந்தமையால், குழுவின் கலைஞர்கள் தாங்களே இயற்றினார்கள். வயலின் கலைஞரான எமிலியோ பல்கார்சேயின் 'லா போர்டோனா' அவ்வாறு பிறந்த ஒரு படைப்பு. பாண்டோனியோன் கலைஞர் ஒஸ்வால்டோ ருஜியேரோ போன்றவர்கள் ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் அந்தக் குழுவை விட்டு நீங்காமல் இருந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1968 இல் ஆறு வாத்தியக் கலைஞர்களும் ஒரு பாடகரும் விலகிச் சென்று 'செக்ஸ்தெத்தோ டாங்கோ' என்ற குழுவை அமைத்தபோதும் புலியேசே புதிய இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு தொடர்ந்து வாசித்தார்.

1946 இல் அவர்கள் பதிவுசெய்த 'லா யும்பா' என்ற இசைதான் புலியேசேயின் கையெழுத்து. 'யும்பா' என்பது அகராதிச் சொல்லன்று. அந்த இசையின் ஓசையே சொல்லாகிவிட்டது. 'யும்' என்ற இடத்தில் பாண்டோனியோன்களும் வயலின்களும் ஒன்றாக இழுத்து அழுத்துகின்றன. 'பா' என்ற இடத்தில் பியானோவும் டபிள் பாஸும் நிலத்துக்கடியிலிருந்து வருவது போன்ற ஒரு அடியால் பதில் சொல்கின்றன. ஆலையொன்றின் இயந்திரம் இயங்குவது போல அது மேலெழும். பிறகு, சற்றும் எதிர்பாராத ஒரு கணத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஒரு தனி வயலின் தன்பாட்டில் பேசத் தொடங்கும். தாளம் நீளும், தளரும், ஏறத்தாழ நின்றேவிடும். மீண்டும் அந்த 'யும்பா' வந்து அனைவரையும் தூக்கிச் செல்லும்.

இந்த இடத்தில்தான் ஆடுபவருக்குச் சோதனை. தாரியென்சோவின் இசைக்கு ஆடுபவர் தாளத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. தாளமே வந்து அவரது காலைப் பிடித்துக்கொள்ளும். புலியேசேயின் இசையில் ஆடுபவர் அடுத்த அடி எப்போது வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கவேண்டும். அதுவும் தனியே அல்ல, கைகளுக்குள் இருக்கும் இன்னொருவருடன் சேர்ந்து காத்திருக்கவேண்டும். புலியேசேக்கு ஆடுவதற்குப் பல வருட அனுபவம் வேண்டும் என்று பழையவர்கள் சொல்வதும், மிலோங்காக்களில் அவரது தாண்டாவைப் பெரும்பாலும் இரவு முதிர்ந்த பின்னர் ஒலிக்கச் செய்வதும் இதனாற்றான்.

கம்யூனிஸ்ட் என்ற காரணத்தால் அவர் பட்ட இன்னல்கள் பல. ஜுவான் பெரோனின் ஆட்சிக் காலத்திலும் அதன் முன்பின்னாகவும் அவர் பல தடவைகள் சிறையில் அடைக்கப்பட்டார். வானொலியில் அவரது குழுவின் இசை தடைசெய்யப்பட்ட காலங்களும் உண்டு. ஆனால் தலைவர் சிறையில் இருந்த இரவுகளிலும் குழு நடனக் கழகங்களுக்குச் சென்று வாசித்தது. அவர் இல்லாததைத் தெரிவிப்பதற்காகப் பியானோவின் மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் மலரை வைத்தார்கள். அறிவிப்பும் இல்லை, கண்டன உரையும் இல்லை. மண்டபத்துக்குள் நுழைபவர் அந்த மலரைக் கண்டதும் விடயத்தைப் புரிந்துகொள்வார்.

இந்தச் செய்தியை முதன்முதலாக வாசித்த அன்று நான் வெகுநேரம் வேறெதையும் வாசிக்கவில்லை. ஆளில்லாத நாற்காலிகளைக் கண்ட தொழில் எங்களுடையது. முதல்நாள் மாலை வரை எதிர்மேசையில் அமர்ந்து செய்தி எழுதிய ஒருவர் மறுநாள் இல்லாது போவதும், பாதியில் நின்ற அவரது குறிப்புப் புத்தகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்கள் விழிப்பதும், ஆனாலும் அன்றைய பத்திரிகை அச்சுக்குப் போயே ஆகவேண்டும் என்பதும் இலங்கையின் தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றியவர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியவை அல்ல. வெற்றிடத்தை மறைக்காமல், அதேவேளை வேலையையும் நிறுத்தாமல் இருப்பது எவ்வளவு கடினமானது என்பதை நாம் அறிவோம். அந்த இசைக் கலைஞர்கள் அதனை ஒரு மலரைக் கொண்டு செய்தார்கள்.

ஆனால், அந்த இரவுகளில் களத்தில் ஆடியவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கின்றேன். அவர்கள் எல்லோரும் புலியேசேயின் கட்சியைச் சேர்ந்தவர்களா? இல்லை. அன்றைய ஆர்ஜென்டீனத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோர் பெரோனின் ஆதரவாளர்கள். தாங்கள் வாக்களித்த தலைவரின் அரசாங்கம் சிறையிலடைத்த ஒருவரின் குழுவுக்குத்தான் அவர்களில் பலர் சனிக்கிழமை இரவுகளில் சென்று ஆடினார்கள். அரசியல் மேடையில் அவர்களை எதிர்ப்பாளர்கள் என்று எவரும் அழைத்திருக்க முடியாது. இருந்தும் வானொலி மறைக்க முயன்ற இசைக்கு அவர்களின் கால்கள் இடம்கொடுத்தன. கழகங்களில் ஆட மக்கள் வந்துகொண்டிருந்தவரை அந்தக் குழுவை முற்றாக மௌனமாக்குவது இயலாத காரியமாகவே இருந்தது. ஆடுகளம் அளித்த தீர்ப்பு என்று நான் குறிப்பிடுவது இதனைத்தான்.

நான் நடனக்காரன் அல்லன். அறுபது வயதைக் கடந்த பின்னர், மேற்குலக நகரொன்றில் சிலகாலம் தங்கியிருந்தபோது, அங்கு வாரந்தோறும் நடைபெற்ற மிலோங்கா ஒன்றுக்கு இசை கேட்பதற்காகவே போய்வந்தேன். பிறகு அடிப்படை நடையை மட்டும் கற்றுக்கொண்டேன். அந்நியப் பெண்ணொருத்தியின் தோளில் கைவைப்பதென்பது, நான் வளர்ந்த சூழலில் வளர்ந்த எவருக்கும் இலகுவான காரியமன்று. எனது கூச்சத்தை அங்கிருந்த எவரும் பொருட்படுத்தவில்லை. அவரவர் கண்களை மூடிக்கொண்டு அவரவர் பாட்டில் ஆடினார்கள். ஒருநாள் பின்னிரவில் புலியேசேயின் தாண்டா தொடங்கியபோது நான் வழக்கம்போலக் கதிரையிலேயே இருந்தேன். எதிர்ப்புறத்தில் இருந்த, ஏறத்தாழ எனது வயதுடைய அம்மையார் ஒருவர் என்னை நோக்கித் தலையசைத்தார். எனக்குத் தெரிந்தது நடப்பது மட்டுந்தான் என்றேன். புலியேசேக்கு அதைவிட அதிகம் தேவையில்லை என்றார். இசை நிற்கும்போது நின்றுவிடுங்கள், அடுத்த அடியை நீங்களாகத் தேடாதீர்கள் என்பது மட்டுமே அவர் எனக்குத் தந்த பாடம்.

நடந்தோம். மூன்றாவது பாடலின் நடுவே எல்லா வாத்தியங்களும் ஓய்ந்து ஒரு வயலின் மட்டும் மிஞ்சியது. நின்றேன். அவரது மூச்சின் ஏற்ற இறக்கம் எனது தோளில் தெரிந்தது. அப்போதுதான் சுற்றுமுற்றும் அவதானித்தேன். எமக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த சோடிகளும் நின்றுகொண்டிருந்தார்கள். எவரும் எவருக்கும் சொல்லவில்லை. முப்பது பேர் வரையானோர் ஒரே கணத்தில், ஒரே வயலினுக்காக, அசையாமல் நின்றார்கள். பாண்டோனியோன்கள் இறங்கியதும் வட்டம் முழுவதும் ஒன்றாக நகர்ந்தது. மேடையிலிருந்து பார்த்திருந்தால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

அதனாற்போலும், புலியேசேயின் இசையை மேடைக் கலைஞர்கள் இன்று தமதாக்கிக்கொண்டிருப்பது எனக்குச் சற்று மனத்தாங்கலைத் தருகின்றது. அதில் உள்ள நாடகத்தன்மை அவர்களை ஈர்க்கின்றது. இசை எழும்போது பெண்ணைத் தூக்கிச் சுழற்றுவதற்கும், இசை அடங்கும்போது உறைந்து நிற்பதற்கும் அதைவிடப் பொருத்தமான இசை கிடைப்பது அரிது. இதன் விளைவாகப் புலியேசே என்றால் வித்தை காட்டுவதற்கான இசை என்ற எண்ணம் புதியவர்களிடம் பரவியிருக்கின்றது. ஆனால் அந்த இசை வித்தைக்காரர்களுக்காக உருவாக்கப்பட்டதன்று. உதைபந்தாட்டக் கழகங்களின் மண்டபங்களில், அடுத்த நாள் வேலைக்குப் போகவேண்டிய மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஆடுவதற்காக உருவாக்கப்பட்டது. கடினமான கலை பாமரர்களுக்கு எட்டாது என்று சொல்பவர்களுக்கு அந்த மண்டபங்களே பதில்.

அந்த மக்கள்தான் நாற்பதுகளிலேயே, குழு வாசித்து முடிந்ததும், "கொலோனுக்கு!" என்று கூச்சலிட்டவர்கள். 1908 இல் திறக்கப்பட்ட தெயாத்ரோ கொலோன், புவனஸ் அயர்ஸின் புகழ்பெற்ற இசைநாடக அரங்கு; செல்வந்தர்களின் கோட்டை. எங்கள் புலியேசே அங்கே வாசிக்கவேண்டும் என்பது அந்தக் கூச்சலின் பொருள். 1955 இல் பெரோனின் ஆட்சி கவிழ்ந்தது. அதன் பின்னர் டாங்கோ குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இளைஞர்கள் ரொக் இசையின் பக்கம் திரும்பினார்கள். 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. இவை யாவற்றையும் கடந்து, 1985 டிசம்பர் 26 ஆம் திகதி, எண்பது வயதில், புலியேசே கொலோன் அரங்கில் வாசித்தார். அன்றிரவு 'லா யும்பா' அங்கே ஒலித்தது. ஆடுகளம் பிறப்பித்த தீர்ப்பு நிறைவேறுவதற்கு நாற்பது வருடங்கள் ஆகிவிட்டன.

1995 ஜூலை 25 ஆம் திகதி அவர் காலமானார். வில்லா கிரெஸ்போவில் உள்ள சுரங்க ரயில் நிலையமொன்று இன்று அவரது பெயரையும் தாங்கி நிற்கின்றது. ஆர்ஜென்டீனாவின் இசைக் கலைஞர்கள் மேடையேறும் முன்னர் நல்ல சகுனத்துக்காக அவரது பெயரை மூன்று தடவைகள் உச்சரிப்பார்களாம். கடவுள் நம்பிக்கையை அடிப்படையாகக் கொள்ளாத ஒரு பொதுவுடைமைவாதியை மக்கள் வேடிக்கையாகப் புனிதர் ஆக்கிவிட்டார்கள். 2009 இல் யுனெஸ்கோ நிறுவனம், ஆர்ஜென்டீனாவும் உருகுவேயும் சேர்ந்து முன்வைத்த வேண்டுகோளின்பேரில், டாங்கோவை மனிதகுலத்தின் அருவமான பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இவற்றையெல்லாம் வாசித்த பின்னர் இந்த இசையைக் கேட்டுப்பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. முதலில் 1944 இல் அவரது குழு பதிவுசெய்த 'ரெக்குவெர்டோ'வைக் கேளுங்கள்; அதன் இராகம் உடனே பிடித்துவிடும். அடுத்து 1946 இன் 'லா யும்பா'. அதன் பின்னர் 'நெக்ராச்சா'வும் 'மலாந்திராக்கா'வும். பாடலுடன் கேட்க விரும்பினால் ரொபேர்ட்டோ சனேல் பாடிய 'ஃபரோல்' இருக்கின்றது. எல்லாம் மும்மூன்று நிமிடங்கள்தான். இணையத்தில் தேடினால் கிடைக்கும். அமர்ந்துகொண்டு கேட்காமல் எழுந்து நின்று கேட்பது நல்லது. கதவைச் சாத்திக்கொண்டு, இசை நடக்கச் சொல்லும்போது நடந்து, அது நிற்கச் சொல்லும்போது நின்று பாருங்கள்.